விரால் அணியில் எங்கள் அப்பா

“ஒளிச்சிருந்த ஆள் ஆயிரம் சனத்துக்கு முன்னால பந்து அடிச்சவர் எண்டு எழுதப்போறியோ, பிள்ளை? வாசிக்கிற சனம் சிரிக்கும்.”

அப்பாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலியன்று ஒரு மலர் கொடுப்பதென்று முடிவானபோது பெரியப்பா என்னிடம் சொன்னது இது. அவர் அப்பாவின் மூத்த சகோதரர். அப்பாவை ஜேர்மனிக்குக் கூப்பிட்டவரும், வுப்பர்டாலில் தன் சிறிய அறையில் மெத்தை விரித்து இடம் கொடுத்தவரும் அவரே. மன்னாரில் பிறந்தார், இங்கே வந்தார், உழைத்தார், எங்களை ஆளாக்கினார் என்று எழுதினால் போதும், இடையில் தாய்லாந்தில் நின்ற காலத்தைத் தாண்டிவிடு என்பது அவருடைய யோசனை.

எங்கள் குடும்பத்தில் அபிட்டூர் என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்பா இதைச் சொல்லி என்னை வெட்கப்பட வைப்பார். அப்படிப்பட்டவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்துவிட்டு, அதில் ஏறக்குறைய இரண்டு வருடங்களை இல்லாததாக்க என் கை வரவில்லை. அந்த வருடங்களையும் போடச் சொல்லி அப்பாவே என்னிடம் கேட்டிருந்தார்.

அப்பா மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. காலையில் கடல், பின்னேரத்தில் கோயில் வளவில் பந்து. எங்கள் கரையில் உதைபந்தாட்டம் விளையாடாத ஆண்கள் குறைவு. அப்பா இடது காலால் மட்டுமே அடிப்பவராகையால் இடது பக்கப் பின்வரிசை அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கடலுக்குப் போவது உயிராபத்தாகிவிட, பெரியப்பா அனுப்பிய பணத்தில் ஒரு முகவர் அப்பாவைப் பாங்கொக் வரை கொண்டுபோய் ஓர் அறையில் விட்டார். அதன்பின் அந்த முகவரைக் காணவில்லை.

அறையில் இருந்தவர்கள் பகலில் வெளியே போவதில்லை. அப்பாவுக்கு அது ஏலவில்லை. துணி வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் ஒருவர் இரக்கப்பட்டு, தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு மாகாண நகரத்தின் அரிசி ஆலைக்கு அவரை அனுப்பிவைத்தார். அந்த நகரத்தின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அங்கிருப்பவர்களிடம் நான் இன்னும் அனுமதி கேட்கவில்லை.

அங்கேதான் அந்தக் கழகம் வருகிறது. ஆசிரியர் கலாசாலை மாணவர்கள் தொடங்கிய அணி அது. மாகாணங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவுக்காக வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பிறகு கலைந்துபோகும். அப்பா போன காலத்தில் அரிசி ஆலை முதலாளி அதைப் பொறுப்பெடுத்திருந்தார். ஆலை லொறிதான் அணியின் வாகனம். மூட்டை ஏற்றுபவர்களில் பாதிப்பேர் ஆட்டக்காரர்கள். மைதானம் ஒரு பெரிய குளத்தின் கரையில் இருந்தது. மாரியில் குளம் முட்டினால் மூலைக்கொடி தண்ணீரில் நிற்குமாம். அதனாலோ என்னவோ அணிக்கு விரால் என்று பெயர், சின்னமும் விரால் மீன். கடலில் மீன் பிடித்தவர் குளத்து மீனுக்கு விளையாடப்போனதை நினைத்துக் கடைசிவரை அப்பா சிரிப்பார்.

பயிற்றுநர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். பெரியப்பாவுக்கு நம்ப முடியாமல் போனதும் இந்த இடம்தான். விசா முடிந்த ஒருவர் பொலிஸ்காரரின் அணியில் விளையாடுவாரா? நடந்தது இப்படித்தான். மாகாணப் போட்டிகளில் விளையாடப் பதிவு அட்டை வேண்டும். அப்பாவிடம் ஓர் அட்டையும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் விகாரைத் திருவிழாக்களில் ஊர்களுக்கிடையே ஆட்டம் வைப்பார்கள். அதில் யாரும் யாரிடமும் அட்டை கேட்பதில்லை, பரிசு பன்றியாகவோ பியர் பெட்டியாகவோ இருக்கும். விரால் அணி அந்த ஆட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இடது பின்வரிசையில் அப்பா நின்றார். ஊர்ச் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். தலைநகரிலிருந்து குடிவரவு அதிகாரிகள் வருகிற வாரங்களில் சார்ஜன்ட் எதுவும் கேட்காமல் அப்பாவை அடுத்த மாவட்டத்து ஆலைக்கு மூட்டை இறக்க அனுப்பிவிடுவார்.

பெரியப்பா வேறொரு முகவரைப் பிடித்தார். ஒரு மழை நாளில் அவர் அவசரமாக வந்து அப்பாவைக் கூட்டிப்போனார். வழியில் முகவர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: தாய்லாந்து என்ற சொல் வாயில் வரக்கூடாது. கொழும்பில் ஏறினாய், ஜேர்மனியில் இறங்கினாய். மூன்றாம் நாட்டில் நின்றதாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் அந்நாளில் எல்லோருக்கும் இருந்தது. அப்பாவுக்கு வதிவிட உரிமை பல வருடங்கள் கழித்து, உழைத்து வாழ்ந்த காலத்தைக் கணக்கிலெடுத்துக் கிடைத்தது. பிறகு ஜேர்மன் கடவுச்சீட்டும் வந்தது. வாய் மட்டும் பூட்டியபடியே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் திருமணம் செய்தபோதும், நான் பிறந்தபோதும் அவர் சொல்லவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் இப்படித் தாண்டிவிட்ட மாதங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பா முதலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு கருவித் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்தார். ஒருநாளும் சத்தம்போட்டுக் கதைக்காத மனிதர். சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் கூடப் போவோம்.

அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் படுத்திருப்பார். அவருடைய மனைவி நொய் அன்ரி தாய்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தவர். ஒரு சனிக்கிழமை அவர் பனையோலைக் கூடை போன்ற ஒரு சிறு பெட்டியைத் திறந்து ஒட்டுச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரிடம் ஏதோ சொன்னார். அன்ரியின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அவர் திருப்பிக் கேட்டார், அப்பா பதில் சொன்னார், இருவரும் மாறி மாறிக் கதைத்தார்கள். அம்மாவும் நானும் ஒன்றும் விளங்காமல் நின்றோம். “உங்கள் அப்பா எங்கள் பக்கத்துச் சந்தையில் வளர்ந்தவர்போலக் கதைக்கிறார்” என்று அன்ரி எனக்கு ஜேர்மன் மொழியில் சொன்னார். அப்பா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, விரால் அணி இன்னும் இருக்கிறதா என்பதாம்.

“இத்தனை வருசமா ஒண்டா இருக்கிறன், மனுசன் என்ன பாசை கதைக்கிறார் எண்டு எனக்குத் தெரியேல்லை,” என்றார் அம்மா. “அங்க ஒரு பெண்சாதியும் இருக்கோ எண்டு கேள், பிள்ளை.”

“இருந்திருந்தா உன்ர குழம்பைத் தின்ன இவ்வளவு தூரம் வந்திருப்பனே,” என்றார் அப்பா.

அணி இருந்தது. அது மட்டுமல்ல, அது தொழில்முறைக் கழகமாகியிருந்தது. தாய்லாந்தில் அப்போது இரண்டு பெரிய லீக்குகள் இருந்தன. ஒன்றில் தலைநகரின் வங்கிகளும் கம்பனிகளும் படைகளும் ஆடின. நல்ல ஆட்டம், பார்க்க ஆளில்லை. மாகாணங்களுக்கென்று தொடங்கிய மற்றதில் சம்பளம் குறைவு, சனம் நிறைய. விரால் அணி அந்த மாகாண லீக்கில் சேர்ந்து, ஒருமுறை கீழே விழுந்து, திரும்ப ஏறியது. ஆலை முதலாளி இறந்த பிறகு மாகாண அரசியல்வாதி ஒருவர் பொறுப்பெடுத்தார். ஆபிரிக்காவிலிருந்து ஒரு முன்வரிசைக்காரர் வந்தார். பிறகு இரண்டு லீக்குகளையும் ஒன்றாக்கியபோது, குளக்கரை மைதானத்துக்குத் தலைநகர் அணிகள் முதல்முறையாக வந்து இறங்கின. இவற்றைத் தாய்லாந்துப் பத்திரிகைகளில் நொய் அன்ரி வாசித்துச் சொல்ல, நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

அன்ரியின் தம்பி அந்த நகரத்தில் ஐஸ் விநியோகிப்பவர்; ஆட்ட நாட்களில் மைதானத்தில்தான் நிற்பார். அங்கே பின்னேரம், எங்களுக்குக் காலை. தொலைபேசி அட்டையில் அன்ரி தம்பியைக் கூப்பிட, அவர் சொல்வதை அன்ரி அப்பாவுக்குச் சொல்வார். ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் அப்பா ஆட்டம் கேட்பார். தோற்ற நாட்களே அதிகம். தாதிமாரும் உள்ளே வரும்போது முடிவைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை இடைவேளையின்போது அந்தத் தம்பி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதியவரிடம் தொலைபேசியைக் கொடுத்தார். அவர் அப்பாவின் காலத்துக் கோல் காப்பாளர். தொலைபேசியை அன்ரி அப்பாவின் காதில் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் சத்தம்போட்டது எனக்கும் கேட்டது. என்ன கேட்கிறார் என்று அன்ரியைப் பார்த்தேன். “மழைக்குள்ளே போட்டுக்கொண்டு போன என் சப்பாத்து எங்கே என்று கேட்கிறார்” என்றார். அவசரத்தில் அப்பா வாசலில் கிடந்த அவருடைய பந்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்! நடப்பதற்காக அடியிலிருந்த ஆணிகளை வழியில் அறுத்துவிட்டாராம். ஜேர்மனியில் போட்டுத் தேய்ந்துவிட்டது என்று அப்பா பதில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் கை அசைந்து, இயந்திரம் கத்தி, தாதி ஓடிவந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என்னிடம் சொன்னார்: “நான் போனாப் பிறகு என்ர படத்தைப் போட்டு ஏதாவது எழுதுவியள் தானே. அங்க இருந்ததையும் போடு, பிள்ளை. ஒளிச்சுக்கொண்டு கிடந்தனான் எண்டு சனம் நினைக்கவேண்டாம். அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள்.”

போன வருடம், ஆட்டமில்லாத ஒரு புதன்கிழமை, அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க அப்பா இறைவனில் இளைப்பாறினார். அந்தப் பருவத்தின் முடிவில் விரால் அணி மேல் லீக்கிலிருந்து இறங்கியது. இப்போது கழகங்களெல்லாம் கம்பனிகளாகப் பதியவேண்டுமென்று புது விதி வந்து, அதுவும் பதிவாகிவிட்டது. கீழ் லீக்கிலும் மைதானம் நிறைகிறதாம்.

பெரியப்பாவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. சட்டத்தரணி ஒருவரிடம் முழுவதையும் சொல்லிக் கேட்டேன். இதை எழுதுவதால் அம்மாவுக்கோ வேறு எவருக்கோ ஒரு பாதிப்பும் வராது என்றார். அதைப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். “சட்டம் கிடக்கட்டும், பந்துக் கதையை ஆர் நம்புவினம்?” என்றார். அப்போதுதான் அந்தத் தொலைபேசிக் கதையைச் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. சப்பாத்து என்றதும் தேநீரைக் கீழே வைத்தார்.

“கறுப்புச் சப்பாத்தோ? அடியில ஆணி அறுத்ததோ?”

ஓம் என்றேன்.

“ஸ்ரேசனில வந்து இறங்கேக்க அவன்ர காலில கிடந்தது. சரியான பனி. இது இஞ்ச சரிவராது எண்டு நான்தான் கழட்டிக் குப்பையில போட்டனான். அவன் ஒரு வார்த்தை கதைக்கேல்லை.” தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். “அடுத்தநாள் விடியக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில நிண்டவன். குப்பை கிண்டுறியோ எண்டு ஏசிப்போட்டன்.”

தேய்ந்துவிட்டது என்று அப்பா ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பா எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றார்.

“எழுது, பிள்ளை. நான் எறிஞ்சதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

அப்பாவின் கடைசிக் காலத்தில் அவரை அன்போடு பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்து கதவடியில் வைத்துப்போன அயலவர்களுக்கும், இறுதி நாளில் லீவு எடுத்து வந்து பெட்டியைத் தோளில் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், செபங்களில் கூட நின்ற பங்குமக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நொய் அன்ரியையும் அவருடைய தம்பியையும் எங்கள் வீட்டார் என்றே நினைக்கிறோம்.

ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு வேலை கொடுத்த ஆலை முதலாளியின் பிள்ளைகளுக்கும், சார்ஜன்டின் குடும்பத்துக்கும், அந்தக் கோல் காப்பாளருக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இந்த மலரின் கடைசிப் பக்கம் அவர்களுடைய எழுத்தில் இருக்கிறது. அச்சகத்தில் அந்த எழுத்து இல்லாதபடியால், நொய் அன்ரி கையால் எழுதியதை அப்படியே படம்பிடித்துப் போட்டிருக்கிறோம். மலரை அவர்களுக்குத் தபாலில் அனுப்பலாமென்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. விடுமுறை வேலைச் சம்பளத்தில் பாங்கொக்குக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அங்கிருந்து வடகிழக்குக்குப் போகும் பஸ்ஸில் நொய் அன்ரியின் தம்பி எனக்கு இடம் பதிந்துவிட்டார். சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிடுவேன்.