நிவேதாவின் பக்கத்தை மறித்தது என் டப்பாதான்

நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவன். முதல் பாதியைத் தெரியாமல் செய்தேன். மறுபாதியைத் தெரிந்தே, கண்ணைத் திறந்துகொண்டே செய்தேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் எங்கள் தெருக்காரர் இல்லை என்கிற தைரியத்தில்.

தைரியம் என்றா சொன்னேன்? கீழ்வீட்டுக் கதவு திறந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். படியில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறதா... இல்லை. பால் பாக்கெட் எடுக்க வந்திருப்பார்கள்.

திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன் நான். அது பிழைப்பு. பைத்தியம் வேறு: பழைய கணினிகள். ரமணாசிரமம் பக்கம் மாதக்கணக்கில் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்புகிற வெளிநாட்டுக்காரர்கள் மடிக்கணினி, மோடம், சார்ஜர் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். அறையைக் கூட்டுகிறவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். கீல் உடைந்தது, விசை கழன்றது, திரையில் கோடு விழுந்தது எல்லாம் என் வீட்டுக்கு வந்து சேரும். "இது வீடா, காயலான் கடையா?" என்று என் மனைவி கவிதா கேட்பாள். நியாயமான கேள்விதான்!

நாங்கள் மாடியில். கீழே ஏகாம்பரம் அண்ணன் குடும்பம். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவி செல்வி அக்கா செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் செய்கிறார். ஒரே மகள் நிவேதா. என்னை மாமா என்பாள், கவிதாவை அத்தை என்பாள். ஒருமுறை கணினிப் பெட்டியின் தகரம் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான் ரத்தத்தைப் பார்த்து மயங்கி உட்கார்ந்தபோது, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் ஓடிவந்து, கழுவி, பஞ்சு வைத்து, அழுத்திக் கட்டினாள். "மாமா, கையைத் தூக்கியே வச்சிருங்க, கீழ இறக்காதீங்க" என்று அதட்டினாள். அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். வேறு எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி டப்பா. இணையக் கம்பி கீழ்வீட்டுச் சுவர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே கம்பி. அதன் அருகில், அவர்கள் டிவி அலமாரியின் மேல், சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னக் கணினியை நான் பொருத்தியிருந்தேன். வீட்டுக்குள் வரும் விளம்பரங்களை வாசலிலேயே மறிப்பது அதன் வேலை. எந்தெந்த முகவரிகளை மறிக்க வேண்டும் என்று நான் பட்டியல் கொடுப்பேன், அது மறிக்கும், எதை எப்போது மறித்தது என்று நாள் வாரியாகப் பதிவும் எழுதும். ஆயுத பூஜைக்குச் செல்வி அக்கா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜவுளிக்கடையில் என்னை யார் மதித்தார்கள்? இந்த டப்பாவால்தான் ஏகாம்பரம் அண்ணன் தன் ஸ்டாண்டில், "எங்க மாடி வீட்டுத் தம்பி இருக்கான் பாரு, இஞ்சினியருங்க அவன்கிட்ட பிச்சை வாங்கணும்" என்று பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கவிதாவின் போனில் ஒரு சனியன் வந்து சேர்ந்தது. மீன் குழம்பு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். திடீரென்று சிவப்புத் திரை, 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஒரு சங்கு ஊதும். அதை மூடினால் ரம்மி ஆட வா என்பான் ஒருவன். நான் விடுவேனா? எங்கிருந்து வருகிறது என்று தோண்டினேன். ஒரு பெரிய சர்வரிலிருந்து வந்தது. அந்தச் சர்வரில் நூறு பேர் குடியிருப்பார்கள். நல்லவனும் இருப்பான், திருடனும் இருப்பான். திருடன் ஒருவனுக்காக நான் அந்தக் கட்டடத்தின் கேட்டையே பூட்டினேன். சோதித்துப் பார்க்கவில்லை. சங்குச் சத்தம் நின்றது. கவிதா சிரித்தாள். போதாதா எனக்கு!

அது பௌர்ணமிக்கு முதல் நாள்.

நீங்கள் இந்த ஊருக்குப் பௌர்ணமியன்று வந்திருக்கிறீர்களா? கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் போன் என்பது வெறும் கடிகாரம். நெட் நகராது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அன்றைக்கு ஊரில் இணையம் வேண்டுமென்றால் கம்பி இழுத்த வீடாக இருக்க வேண்டும், அல்லது பிரவுசிங் சென்டர்.

நர்சிங் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க அந்தப் பௌர்ணமியன்று மாலை ஐந்து மணியோடு கெடு. நிவேதாவின் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி நிச்சயம் என்று அவள் டீச்சரே சொல்லியிருந்தார். பின் ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தாள் என்கிறீர்களா? அப்பாவின் சம்மதத்துக்காக. வேலூர், விழுப்புரம் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று இரண்டு நாளாக முறுக்கிக்கொண்டிருந்தார் மனுஷன். அன்று காலை ஆட்டோவை எடுக்கும்போதுதான், "சரி, மெட்ராஸும் போட்டுக்கோ, போ" என்றாராம். அவள் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். அப்பா சொன்னதும் மெட்ராஸை மேலே ஏற்றி, அடித்துத் திருத்தி, திரும்பவும் அழகாக எழுதினாள். அந்தத் தாளை நான் பார்த்தேன்.

மதியம் கூப்பிட்டாள். கூட்டத்தில் கடைக்குப் போக முடியாமல் நான் வீட்டில்தான் இருந்தேன். நான் சரிசெய்து கொடுத்த மடிக்கணினி. கலந்தாய்வுத் தளத்துக்குள் நுழைந்துவிட்டாள், பெயர், மதிப்பெண் எல்லாம் தெரிகிறது. கல்லூரிகளின் பட்டியல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒரு மணி நேரமா இப்படித்தான் சுத்திக்கினே இருக்குது மாமா."

நான் ஒரு பார்வை பார்த்தேன். எவ்வளவு அலட்சியமான பார்வை! "சர்வர் பிஸிம்மா. கடைசி நாள் பாரு, ஊரே அதுல உக்காந்திருக்கும். கொஞ்சம் பொறு."

"போளூர் ரோட்டுல பிரவுசிங் சென்டர் திறந்துதான் இருக்குதாம். சைக்கிள்ல சந்து சந்தா போயிடுவேன். போவட்டுமா?"

செல்வி அக்கா அன்று விடுதிக்குப் போகவில்லை. மகள் தனியாகக் கூட்டத்தில் போவதா என்று தயங்கி, என் முகத்தைப் பார்த்தார். "நீயே சொல்லு தம்பி."

நான் சொன்னேன்... "எதுக்கு அலையணும்? அங்க போனாலும் இதேதான் வரும். நம்ம லைன் அவங்களைவிட ஸ்பீடு."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்! அவள் போயிருப்பாள். மூன்று மணி அப்போது. இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பாள். யார் கேட்டார்கள் என் யோசனையை? கேட்டார்கள். கேட்டதுதானே வினை.

மாடிக்கு வந்து சாப்பிட்டேன், படுத்தேன். நாலரை மணிக்கு மேல் ஏதோ உறுத்தியது. கூட்டத்தால் மெதுவானால் பக்கம் முழுதும் மெதுவாக வேண்டும். அந்த ஒரு துண்டு மட்டும் ஏன் வரவில்லை? மாடியிலிருந்தே டப்பாவின் பதிவைத் திறந்தேன்.

சிவப்பு. வரிசையாகச் சிவப்பு. மதியத்திலிருந்து நிவேதாவின் கணினி அந்தக் கல்லூரிப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. என் டப்பா ஒவ்வொரு முறையும் மறித்திருக்கிறது. முதல் நாள் நான் பூட்டினேனே, அதே கட்டடம். கல்லூரிப் பட்டியல் அங்கேதான் குடியிருந்தது.

நாலு மணி முப்பத்தெட்டு.

இப்போது கவனமாகக் கேளுங்கள். என் குற்றம் இங்கேதான் இருக்கிறது. கீழே ஓடி, அலமாரியின் மேல் கைவிட்டு, டப்பாவைப் பிடுங்கிக் கம்பியை நேராகச் செருகினால் இரண்டு நிமிட வேலை. பதினாறு படி. ஆனால் செல்வி அக்கா பார்ப்பார். நிவேதா பார்ப்பாள்; கெட்டிக்காரி, "ஏன் மாமா, இதாலதான் வரலையா?" என்று கேட்பாள். சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணன் வருவார்...

இன்னொரு வழி இருந்தது. மாடியிலிருந்தபடியே, யாருக்கும் தெரியாமல், மறிக்கும் பட்டியலிலிருந்து அந்த முகவரியை நீக்கலாம். ஆனால் டப்பா பழசு. முழுப் பட்டியலையும் அது மறுபடி படித்து முடிக்கப் பத்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேனா? நம்பினேன். நம்ப விரும்பினேன். நாலு ஐம்பதுக்குப் பாதி. நாலு ஐம்பத்தைந்துக்கு அதே பாதி. எழுந்து படி வரைக்கும் போனேன். கீழே செல்வி அக்கா, "அருணாச்சலா, என் பொண்ணுக்கு வழி விடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அப்போதாவது இறங்கியிருக்கலாம் அல்லவா? திரும்பி வந்து திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு கோழை நான்!

ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் நிவேதா மேலே வந்தாள். அழவில்லை. "இப்ப லிஸ்ட் வருது மாமா," என்றாள். "ஆனா டைம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொன்னேன் இல்ல, சர்வர் பிரச்சனைன்னு."

அன்று இரவே அந்த நாளின் பதிவை அழித்தேன். ஏகாம்பரம் அண்ணன் பௌர்ணமியையும் கூட்டத்தையும் சர்வரையும் திட்டினார். பிறகு, தான் சம்மதம் சொல்லத் தாமதித்ததுதான் காரணம் என்று தன்னையே திட்டிக்கொள்ளத் தொடங்கினார். இன்றைக்கும் சொல்கிறார். "நான்தாம்பா என் பொண்ணு வாயில மண்ணைப் போட்டேன்" என்று என் எதிரிலேயே சொல்கிறார். நான் டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது மனிதன் செய்கிற காரியமா?

அரசு இடங்கள் போய்விட்டன. தனியார் கல்லூரி அவர்களுக்கு எட்டாது. ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டாம் என்று உள்ளூர்க் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்த்தார்கள். "மாடியிலயே மாமா இருக்காரு, சொல்லிக் குடுப்பாரு" என்பதுதான் காரணம். சொல்லிக் கொடுத்தேன். மூன்று வருடம், வாயில் வந்த குற்றத்தை விழுங்கி விழுங்கிச் சொல்லிக் கொடுத்தேன். அவள் நன்றாகவே படித்தாள். அதுதான் பயம்! அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. முகவரி என்றால் என்ன, மறிப்பது என்றால் என்ன, பதிவு என்றால் என்ன...

கடைசி வருடத் திட்டப்பணிக்கு அவள் எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? வீட்டு இணையத்தில் விளம்பரத் தடுப்பு. என் டப்பா! "நீங்க பழசு எதையும் தூக்கிப் போட மாட்டீங்களே மாமா, ஆரம்பத்துலேர்ந்து டப்பா எழுதின லாக் எல்லாம் இருக்கும் இல்ல?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கவிதா முந்திக்கொண்டு, "அவரா? செத்த மவுசுகூடப் பத்திரமா இருக்குது" என்றாள். கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மதியம், மடிக்கணினியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லா நாளும் இருக்குது மாமா. ஒரே ஒரு நாள் மட்டும் இல்ல."

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததே தப்பு என்று பிறகுதான் உறைத்தது. "கரண்ட் போயிருக்கும்" என்றேன்.

"இருந்துச்சே" என்றாள், மெதுவாக. பிறகு, "சரி மாமா" என்று மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை? தெரியாவிட்டால் ஏன் அப்படிச் சொன்னாள்? சாப்பாடு இறங்கவில்லை. கடையில் பில்லை மாற்றிப் போட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். கவிதா பி.பி. பார்க்கச் சொல்கிறாள்.

நான்கு நாளைக்கு முன் நிவேதா திட்டப்பணியைப் புத்தகமாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். "படிச்சுப் பாருங்க மாமா. தப்பு இருந்தா சொல்லுங்க. திங்கக்கிழமை சப்மிட் பண்ணணும்."

நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. அப்பா அம்மாவுக்கும் முன்னால். நடுவில், பதிவுகளைப் பற்றிய பக்கத்தில், அந்த நாளைத் தேதியோடு எழுதியிருக்கிறாள். அந்த ஒரு நாளின் பதிவு மட்டும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். நான் மின்தடை என்று சொன்னேன் இல்லையா? அதை அவள் எழுதவில்லை. காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறாள். நான் நிரப்புவதற்கு.

இன்று ஞாயிறு. அவள் இன்னும் வந்து கேட்கவில்லை. பென்சில் என் கையில்தான் இருக்கிறது.