காப்புக்கு இடமுள்ள மொழி

துறைமுகத்தில் எழுதுவினைஞராய் இருந்து ஓய்வுபெற்ற பின், கணினிக்குக் கட்டளை எழுதக் கற்கும் ஆசை எனக்கும் பிறந்தது. சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் முதியோருக்கென ஒரு வகுப்பு நடந்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வரும் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவருக்கும் எனக்கும் ஒரே மேசை, ஒரே மடிக்கணினி. என்னிலும் இரண்டு வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்றே அழைப்பேன். அவருடைய கதையைக் கேட்பதற்காகவே வாரம் முழுதும் காத்திருப்பேன்.

கணினியைத் திறக்கவும் மூடவும் பழகிய சில வாரங்களுக்குப் பின், ஆசிரியையான இளம்பெண் திரையில் இரண்டு நிரல்மொழிகளைக் காட்டினார். ‘வணக்கம்’ என்று கணினியைச் சொல்லவைக்கப் பைதனில் ஒரே வரி போதும். ஜாவாவிலோ, நிரலின் பெயர் இன்னது, தொடக்கம் இவ்விடம் என்றெல்லாம் முதலில் அறிவித்த பின்னரே வணக்கத்துக்கு முறை வரும்.

“ஒரு மேசைக்கு ஒரு மொழி. அடுத்த கிழமை முடிவு சொல்லுங்கோ. விருப்பம் வேறெண்டால் மேசை மாறவேணும்.”

என் உள்ளம் ஜாவாவையே நாடியது. காப்புச் செய்யுள் ஓதாமல் எந்த நூலையும் திறந்தறியாதவன் நான். எடுத்த எடுப்பில் பேசத் தொடங்கும் பைதன், கால் கழுவாமல் கோயிலுக்குள் நுழைபவரைப் போலத் தோன்றியது.

“எனக்குப் பைதன்தான், ஐயா. அவ்வளவு முகவுரையும் எழுதி முடிக்கிறதுக்குள்ள கடைசி பஸ்ஸும் போயிடும்,” என்றார் நானா.

அந்த வாரம் பூசையிலும் மனம் ஒருப்படவில்லை. காப்பைக் கைவிடவும் இயலவில்லை. நானாவின் பக்கத்துக் கதிரையை இழக்கவும் இயலவில்லை.

மறு சனிக்கிழமை என் தயக்கத்தை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் பைதன் பக்கத்தின் தலையில் சிறு வேலி போன்ற ‘#’ குறியொன்றை இட்டார்.

“இதுக்குப் பின்னால அந்த வரியில என்ன எழுதினாலும் கணினி தாண்டிப் போயிடும், ஐயா. அது வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுறது.”

ஆனைமுகனைப் பணிந்து ஓரடி எழுதினேன். அதன்கீழ் நானா வணக்க வரியைத் தட்டினார். திரையில் வணக்கம் மட்டுமே வந்தது.

“பார்த்தீங்களோ, உங்கட பாட்டை அது கவனிக்கவே இல்லை!”

“அது கேக்கிறதுக்காக நான் பாடேல்லையே, நானா.”

அவர் சற்று யோசித்தார். பிறகு புதுப் பக்கமொன்றைத் திறந்து, வேலிக்குறியை இட்டு, ‘பிஸ்மில்லாஹ்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“இப்ப சொல்லுங்கோ, எந்த மொழி?”

“பைதன்,” என்று சொல்லிக் கதிரையை மேசையருகே இழுத்துக்கொண்டேன்.