மூண்டு பேரின்ரை ஓம்

என்ரை தம்பி ஒரு ஜாவாக்காரியைக் கட்டினவன். ஒஷாவாவிலை ஒரு பார்ட்ஸ் ஃபக்டரியிலை ரெண்டு பேரும் ஒரே லைனிலை வேலை செய்து பழகி, பிறகு டோர்செட் பார்க் எண்ட பகுதியிலை ஒரு அப்பார்ட்மென்ரிலை குடும்பம் நடத்தினவை. ஒரு மகளும் பிறந்தாள். அவளை முதலிலை எனக்குத் துண்டறப் பிடிக்கேல்லை, மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. என்ன வாங்கிறதெண்டாலும் வீட்டிலை இருக்கிற எல்லாரையும் இருத்தி வைச்சுக் கதைப்பாள். ஒரு சோபாவுக்குக் கிழமைக் கணக்காக் கதைச்சவை. "உவளுக்குச் சொந்தப் புத்தி இல்லையோ?" எண்டு தம்பியைக் கேட்டன். அவன் சிரிச்சான். "அவையின்ரை ஊரிலை அப்பிடித்தான் அக்கா. முஷாவரா எண்டு சொல்லுவினம். கடைசி ஆளும் மனசார ஓம் எண்டு சொல்லுமட்டும் இருந்து கதைக்கவேணும். கை தூக்கி வோட் போடுறதெல்லாம் சரிவராது" எண்டான்.

போன மாரியிலை அவனுக்குத் தலைக்குள்ளை இரத்தக் குழாய் வெடிச்சுது. ஐசியுவிலை மிசின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. மூளை இனித் திரும்பாது, மிசினை எடுக்கிறதோ விடுறதோ எண்டு மனிசி சொன்னால் காணும் எண்டார் டொக்டர். அவள் தலையை ஆட்டி மறுத்துப்போட்டாள். தானும் மகளும் நானும் சேர்ந்துதான் சொல்லவேணுமாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கடை ஆக்கள் உப்பிடியான விசயத்தை ஒருத்தற்றை தலையிலை கட்டிப்போட்டு விலகி நிப்பினம். "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" எண்டால் அலுவல் முடிஞ்சுது. பிறகு பிழைச்சால் சாகுமட்டும் அந்த ஆளைத் திட்டலாம். "நீதானே பெஞ்சாதி, நீ சொல்லன். என்னை ஏன் இழுக்கிறாய்?" எண்டு ஆஸ்பத்திரிக் கொரிடோரிலை சத்தம் போட்டன்.

தம்பி பழக்கின தமிழிலை அவள் மெதுவாச் சொன்னாள். "மச்சாள், மனிசன் தனி ஆள்தான். ஆனால் தனிய இல்லை. அவர் எனக்குப் புருசன், உங்களுக்குத் தம்பி. நான் மட்டும் சொன்னால் உங்கடை தம்பியை நான் பறிச்ச மாதிரி. நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம், கோபிக்கமாட்டன். எனக்காக ஓம் சொல்லக்கூடாது. அது ஓம் இல்லை."

மகள் இஞ்சை பிறந்த பிள்ளை. "அப்பா வுடின்ட் வோன்ட் திஸ்", அப்பா இப்பிடிக் கிடக்க விரும்பமாட்டார் எண்டு அழுதழுது அண்டைக்கே சொல்லிப்போட்டாள். தாயும் மிசினை எடுக்க ஓம் எண்டு சொல்லிப்போட்டாள். மிச்சம் நான்.

நான் சொல்லேல்லை. என்ரை வாயாலை அவனைக் கொல்லுறதோ எண்ட பயம். அவள் எனக்குச் சோறு கொண்டந்து தந்தாள், பக்கத்திலை இருந்தாள், ஒரு சொல்லு நெருக்கேல்லை. டொக்டர் வந்து கேக்கேக்கை, "மச்சாள் இன்னும் சொல்லேல்லை" எண்டு மட்டும் சொல்லுவாள். ஆரும் தள்ளியிருந்தால் விழுந்திருப்பன், தள்ளினவையைத் திட்டியுமிருப்பன். இவள் என்னை என்ரை பாட்டிலை விட்டிட்டாள். அதுமாதிரி ஒரு கொடுமையை நான் கண்டதில்லை.

ஒரு மத்தியானம் நேர்ஸ் அவனைப் புரட்டேக்கை பாத்தன். முதுகுத் தோல் உரிஞ்சு கிடந்தது. கண் பாதி திறந்து, ஒண்டையும் பாக்காமல். ஐயோ, என்ரை பயத்துக்காக அல்லோ இவனை இப்பிடிப் போட்டு வைச்சிருக்கிறன் எண்டு நெஞ்சு வெடிச்சுது. வெளியிலை வந்து அவளின்ரை கையைப் பிடிச்சு ஓம் எண்டன். அவள் உடனை ஏற்கேல்லை. "மனசாரவோ மச்சாள்?" எண்டு கேட்டாள். திரும்பவும் ஓம் எண்டன். பிறகுதான் டொக்டரைக் கூப்பிட்டாள்.

செத்தவீட்டிலை ஒரு அன்ரி என்ரை காதுக்குள்ளை, "மிசினை நிப்பாட்டச் சொன்னது உந்தப் பெட்டைதானே?" எண்டா. தலையாட்டியிருந்தால் பழி முழுக்க அவளிலை ஏறியிருக்கும்.

"கடைசியாச் சொன்னது நான் அன்ரி" எண்டன். அவ பிறகு என்னோடை கதைக்கேல்லை.

மூண்டு பேர் சேர்ந்து சொன்னது, எனக்கு மூண்டிலை ஒரு பங்குதானே எண்டு நினைச்சிருந்தன். அது பங்கு பிரியாது. வோபர்னிலை என்ரை குசினியிலை நிக்கேக்கை, அவன்ரை மூச்சை நிப்பாட்டினது முழுக்க நான்தான். போன கிழமை அவளும் அழுதுகொண்டு, தான்தான் எண்டாள். பிள்ளை என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறாள் எண்டு கேக்க எங்கள் ரெண்டு பேருக்கும் தைரியம் வரேல்லை.