வீடுவரை அமுக்கும் பை

நான் நர்ஸாக வேலை பார்க்கும் லண்டன் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளியின் கையைத் தொடுவதற்குக்கூடச் சொந்தக்காரர்கள் என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். கட்டிய புருஷன் கையைத் தொட என் தயவு எதற்கு என்று வந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் ஓர் அம்மாள் தன் கணவரைக் காட்டி, "இஸ் ஹி கம்ஃபர்டபிள்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையணையைச் சரிசெய்தேன். பிழைப்பாரா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார் என்று இன்னொரு நர்ஸ் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு உட்கார்ந்து விளக்கினேன்: வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளுகிறது, மானிட்டரில் ஓடும் பச்சைக் கோடு இதயத் துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்த கருவி ஒன்றே ஒன்றுதான், ஆம்பு பை. மூச்சுக்குழாயில் மாட்டிக் கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும். வெளியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால், இனிப் பிழைக்காது என்று ஆனவரைக் காரில் பையை அமுக்கிக்கொண்டே கொண்டுவருவார்கள். வீட்டில் கிடத்திப் பால் ஊற்றிய பிறகுதான் அமுக்குவதை நிறுத்துவார்கள். கார் மெதுவாகத் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் துக்க வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எண்பதுகளில் ஊரில் ஒரு மழைக்காலம், லண்டனில் எனக்கு அண்ணனிடமிருந்து டிரங்க் கால் வந்தது. திருவேங்கடம் பக்கத்தில் எங்கள் கரிசல் காட்டில் அப்பாவை நல்ல பாம்பு கடித்துவிட்டது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டும் கண் திறக்கவில்லை, கைகால் அசையவில்லை, தானாக மூச்சும் விடவில்லை. அங்கிருந்த ஒரே வென்டிலேட்டர் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர் பையைக் கையில குடுத்துட்டாரு ஏட்டி. காருக்குச் சொல்லியாச்சு. உசிரு இருக்கயிலேயே வீட்டுக்குக் கொண்டு போயிருதோம்."

பிழைக்க வைப்பதற்காக டாக்டர் கொடுத்த பையை, எங்கள் ஊர்க்காரன் வழியனுப்பும் பையாகத்தானே எடுத்துக்கொள்வான். அந்த விஷம் தசைகளை மட்டும்தான் கட்டிப்போடும். மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் இதயம் நிற்காது, அறிவும் போகாது. பார்க்கத்தான் பிணம் மாதிரி இருக்கும்.

"காரைத் திருப்பி அனுப்புண்ணே. அந்தப் பை வழியனுப்புததுக்கு இல்ல. விஷம் எறங்குத வரைக்கும் அப்பாவோட மூச்சே அதுதான். ஆள் மாத்தி ஆள் அமுக்குங்க. அவருக்கு எல்லாம் கேக்கும்."

லைன் அறுந்துவிட்டது. அண்ணன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியவில்லை. வார்டில் மற்றவர்களின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன், என் மூச்சு என்னிடம் இல்லை. காரைத் திருப்பி அனுப்பியாயிற்று, அப்பா கண் திறந்துவிட்டார் என்று தந்தி வந்தபோது, மருந்து அறைக்குள் போய் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காரு வந்து நின்னது கேட்டுச்சு மக்கா. கண்ணைத் தொறந்து காட்டணும்னு பாத்தேன், இமையைத் தூக்க முடியல," என்று சிரித்தார். பிறகு, நிஜமாகவே முடிகிற நாள் வந்தால் தன்னை எப்படியாவது இந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். நான் சரி என்றேன். உடனே என்னைக் கேட்டார்.

"ஒனக்கு அங்கன ஒண்ணுன்னா, எந்த வீட்டுக்குக் கொண்டு போவாவ ஏட்டி?"

சொல்ல வாயெடுத்தேன். என் லண்டன் வீட்டு வாசலும் இந்த வீட்டு வாசலும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.