உருண்டையாகிப்போன ஹௌமியா

அறிவியல் கூடத்தின் பின்கட்டில் மாதிரிக் கோள்களுக்குப் பெயிண்ட் அடிப்பவளை எல்லாரும் “பூனை” என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நடப்பது காதில் விழாது. பேசுவது அதைவிட விழாது. பதினோரு வருஷ வேலை. ஆனாலும் மேலதிகாரியம்மாவின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டால் கை வேர்த்துப் பிரஷ் வழுக்கும். முன்பு அந்த வேலையில் இருந்தவரை, செவ்வாய்க் கோளில் ஒரு நசுங்கலைக் கவனிக்காமல் விட்டார் என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இந்தத் தடவை குறுங்கோள்கள். வார்ப்புக்காரர் ஐந்து பந்துகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருந்தார்: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மாகேமாகே, ஏரிஸ். தனி டப்பாவில் கோலிக்குண்டு அளவில் அவற்றின் நிலாக்கள். புளூட்டோவுக்கு மட்டும் ஐந்து, சீரிஸுக்கு ஒன்றுகூட இல்லை.

ஹௌமியாவைப் பிரித்தவளுக்கு நெஞ்சு திக்கென்றது. யாரோ மேலே ஏறி உட்கார்ந்ததுபோல நீண்டு கிடந்தது. வார்ப்புக்காரரைக் கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் விஷயம் மாடிக்குப் போகும். வாயைத் திறக்காமல் இரண்டு நாள் பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அழகான உருண்டையாக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஒயரிங்காரர் விளக்கப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘ஹௌமியா. நாலு மணி நேரத்தில் ஒரு சுற்று. அந்த வேகத்தில் முட்டைபோல் நீண்டிருக்கிறது. நிலாக்கள் இரண்டு.’

“அண்ணே, இது நிஜமா?”

“பலகை பொய் சொல்லுமா? எங்க உன் முட்டை?”

கையிலிருந்ததைக் காட்டினாள்.

“அடிப்பாவி! கடவுள் நீட்டினதை நீ உருட்டிட்டியே!” சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “பேசாம வார்ப்புக்காரன் தலையில போட்டுடு. அவன் என்ன இங்கயா இருக்கான்?”

அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மேலதிகாரியம்மா நேராக வந்து நின்றார்.

“ஏன் இது உருண்டையா இருக்கு? வார்ப்பு தப்பா?”

தலையை ஆட்டினால் போதும். ஆட்டப்போனாள். கழுத்து அசையவில்லை.

“நான்தாம்மா... கோணலா வந்திருக்குன்னு நினைச்சு நானே பட்டி பூசிட்டேன்.”

மேலதிகாரியம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வார்ப்பு உள்ள அப்படியே இருக்கா?”

“இருக்கும்மா.”

“பட்டி எங்க முடியுதுன்னு உனக்குத்தான் தெரியும். நீயே உரி. நாளைக்குக் கூடம் திறக்கணும்.”

சொல்லிவிட்டுப் போகாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் வார்ப்பே போய்விடும். மூச்சை அடக்கி அடக்கிச் சுரண்டினாள். மத்தியானத்துக்குள் முட்டையின் இரண்டு முனையும் வெளியே வந்தன.

“பெயிண்ட் அடிச்சு நிலா ரெண்டையும் மாட்டிட்டு மேல வா” என்று எழுந்து போனார்.

சாயங்காலம் நிலாக்களையும் மாட்டிவிட்டுப் படியேறினாள். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனாள். மேலதிகாரியம்மா சுருட்டிய வரைபடம் ஒன்றை நீட்டினார்.

“அடுத்த கண்காட்சிக்கு. வார்ப்புக்குப் போற படம் இனிமே உனக்கும் ஒண்ணு வரும். புரியலன்னா மேல வந்து என்னைக் கேக்கணும். சரியா?”

“சரிம்மா” என்று வெளியே வந்தவள், வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். வேலை தப்பியது. ஆனால் இனிமேல் கேட்கவேண்டுமாமே!