ஹட்டனில் பட்டப்படிப்பு தேடிப் போன கதை: யாரும் விளம்பரம் செய்யாத சனிக்கிழமை

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். வட்டவளைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோடு படிப்பு நிற்கிறது. இந்த வருடமாவது பட்டப்படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று, பாடசாலை விடுமுறையில் ஒன்றரை வயது மகளையும் தூக்கிக்கொண்டு நேற்று ஹட்டன் போய்வந்தேன்.

காலை எட்டு மணி பஸ். மழை இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம்.

"எங்கக்கா, புள்ளைக்கு ஊசி போடவா?" என்றார் கண்டக்டர்.

"இல்லங்க தம்பி, கெம்பஸ்ல சேர."

"இப்பவேவா! மொதல்ல நடக்க விடுங்கக்கா."

பஸ்ஸே சிரித்தது.

பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்று தனியார் நிறுவனங்கள். மூன்றும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பட்டம் தருகின்றன. முதலாவது வெளிநாட்டுப் பெயரை விற்கிறது. அடுத்தது வேகத்தை: ஆறு மாதம் முந்தியே முடிக்கலாமாம். எங்களைப் போல் யாருமில்லை என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். வகுப்பு எப்போது என்றால் இரண்டிலும் ஒரே பதில், ஞாயிறு.

வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுதான் வசதி என்று கொழும்பிலிருந்து யோசித்திருப்பார்கள். தோட்டத்தில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் புள்ளமடுவம் ஞாயிறுதான் பூட்டு. மாமியாரும் அன்றைக்குக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். கணவருக்குக் கொழும்பில் வேலை. மகளை யாரிடம் விடுவது?

மூன்றாவது, புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில். அங்கே சனிக்கிழமை வகுப்பு! சனிக்கிழமை புள்ளமடுவம் திறந்திருக்கும். தாய்மாரை நினைத்தா இப்படி வைத்தீர்கள் என்று மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஐயோ இல்ல மிஸ். ஞாயிறு காலையில கிளாஸ் வைக்க எங்களுக்கு ஹோல் கெடைக்கல, எல்லாத்தையும் மத்த ரெண்டு எடத்துக்காரங்களும் புடிச்சிட்டாங்க."

"அப்ப சனிக்கிழமைன்னு நோட்டீஸ்ல பெருசா போடலாமே?"

"போட்டா ஆள் வராதுன்னு எங்க பெரிய சேர் சொல்றாரு. வெள்ளிக்குள்ள பதினஞ்சு பேர் சேரலேன்னா ஞாயிறு பின்னேரத்துக்கு மாத்திடுவாங்க. இப்ப பத்து பேர் மிஸ்."

பதினோராவதாக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஞாயிறுக்கு மாறினால் எனக்கு இந்த வருடமும் போய்விடும்.

போகிறவர்களுக்கு: அரசாங்கம் ஏற்ற பட்டமா என்பதை முதலில் கேளுங்கள். மூன்றாவதைப் பற்றி எங்கள் பாடசாலை அதிபரிடம் விசாரித்தேன், ஏற்றதுதான். அடுத்து, வகுப்பு எந்தக் கிழமை என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் பட்டமளிப்புப் படங்களைக் கடைசியாகப் பாருங்கள். குடை கட்டாயம்.

இன்னும் நான்கு பேர் வேண்டும். ஞாயிறு பிள்ளையை விட இடமில்லாத டீச்சர்மார் யாராவது இதை வாசித்தால், வெள்ளிக்கு முன்னால், முடிந்தால் நாளைக்கே, கீழே பதில் போடுங்கள்.