நூறு போட்ட பள்ளிக்கூடம்

"நூத்துக்கு நூறு எடுக்கற ஸ்கூலு பஸ்ல போற தூரத்துல கீது. எம்பொண்ணு எதுக்குடி தொண்ணூத்தொண்ணுல போயி குந்தணும்?"

ஆதிலட்சுமி இப்படிச் சீறியது ஓரகத்தி கமலத்திடம், குழாயடியில். ஒன்பதாவது முடித்த அகல்யாவைச் சேவூர் அரசுப் பள்ளியிலிருந்து எடுக்காதே, கணக்கு வராத பிள்ளை, இங்கே வாத்தியார் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார் என்று கமலம் சொன்னதுதான் குற்றம். கமலத்தின் மகள் கலைமகளும் அதே வகுப்பு. கணக்கில் அதே லட்சணம்.

ஆதிலட்சுமி கத்தரிக்காய் வாங்கினாலும் மூன்று கூடையைப் புரட்டுவாள். பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஆரணி பஸ் ஸ்டாண்டில் தொங்கிய பேனர்களையும் அப்படித்தான் பார்த்தாள். டவுன் பள்ளி நூறு சதவீதம் தேர்ச்சி, சேவூர் தொண்ணூற்றொன்று. அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. புருஷன் எல்லப்பன் தறியிலிருந்து தலை தூக்காமல் உன் இஷ்டம் என்றான். அந்த மனுஷனிடம் வேறெதுவும் வராது. ஜூனில் சேர்த்துவிட்டாள். அங்கே கருப்பு ஷூ கட்டாயம் என்றார்கள், வாங்கினாள்.

அரைப்பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார்கள். தலைமையாசிரியை தன்மையாகத்தான் பேசினார். பெண்ணுக்குக் கணக்கு தேறாது, டிசி வாங்கிக்கொண்டு தனியாகப் பரீட்சை எழுதட்டும், வருஷா வருஷம் நாலைந்து பேர் இப்படிப் போவதுதான் என்றார்.

அந்த நூறு எப்படி வந்தது என்று ஆதிலட்சுமிக்குப் பிடிபட்டுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து தறியில் இருப்பவள். அவளுக்கு நெசவு கொடுக்கும் முள்ளிப்பட்டு முதலாளி கடையில் ஒரு புடவையிலும் பழுதைப் பார்க்க முடியாது. இழை விட்ட புடவையை அவர் எடுக்கவே மாட்டார், நெய்தவள் தலையிலேயே கட்டிவிடுவார். அதை அறியாமல் அந்தக் கடையில் வாய் பிளந்து நிற்கும் டவுன்காரிகளை இவள் எத்தனை கேலி செய்திருப்பாள். பேனருக்கு முன்னால் இவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.

தெருவையே அதட்டுகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சேவூர் பள்ளிக்கு ஓடினாள். கணக்கு வாத்தியார் ஹேமசந்திரன் அவளை உட்காரச் சொன்னார்.

"எங்க ஸ்கூல்ல எழுதறவங்க பேரெல்லாம் பரீட்சைக்குப் போயிடுச்சும்மா. எங்க கையில இல்ல இப்ப. நாங்க ஃபெயிலாகறவங்களையும் சேத்துதான் தொண்ணூத்தொண்ணு போட்டோம். எங்க பர்சன்டேஜ் ஏறுதோ எறங்குதோ, அகல்யாவும் அதுல இருந்திருப்பா."

 

மே மாதம் கலைமகள் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறி, பதினொன்றாவது சேர்ந்தாள். சொல்லித்தர ஆளில்லாமல் தனியாக எழுதிய அகல்யாவுக்குக் கணக்கு போய்விட்டது. கமலம் லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு தடவை எழுது கண்ணு என்று ஆதிலட்சுமி மகளிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"சேவூர்லயே வுட்டிருந்தியானா எழுதியிருப்பேம்மா," என்றாள் அகல்யா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவள் அம்மாவோடு தறிக்கு வருகிறாள். தறிக்குழியில் வெறுங்காலோடுதான் மிதிக்க வேண்டும். சுவரோரம் அந்த ஷூ அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, அடிப்பக்கம் பாதிகூடத் தேயவில்லை. எதற்கும் பேரம் பேசுகிற ஆதிலட்சுமி அதை மட்டும் கடைக்காரன் சொன்ன விலைக்கே வாங்கினாள். அறுநூற்று எண்பது ரூபாய்.